செண்டுமல்லி காயும் வரை

காலை மணி அடித்தது. இன்பவல்லியும் கதிரேசனும் சுவர்க்குழாயின் கீழ் நின்று ஆளுக்கொரு சொட்டு உயிர்த்துளியை நாக்கில் வாங்கிக்கொண்டார்கள். பிறகு பால்கனியில் தொட்டிக்கு ஒரு சொட்டு. துளி பட்ட எதற்கும் வயது ஏறாது. கோயம்புத்தூரில் யாரும் வாடிய பூவைப் பார்த்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

ஒரு செண்டுமல்லிக்கு மட்டும் இன்பவல்லி துளி விடுவதை நிறுத்தியிருந்தாள். அது பழுப்பேறி நின்றது.

"ஏனுங்க, அது செத்துப்போனாட்ட இருக்குதே?" பக்கத்துப் பால்கனியில் பார்கவி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னும் சாகலீங்க்கா. காயுது."

"பொணத்த வெச்சுட்டு எப்படித்தான் காபி குடிக்கறீங்களோ!"

இன்பவல்லிக்குக் குழந்தை வேண்டும். துளியை நிறுத்தினால்தான் கரு தங்கும். நிறுத்தியவர்களுக்கு மறுபடி துளி கிடையாது. ஊரில் இடம் அவ்வளவுதான். தாய், தகப்பன் இருவருக்கும் அதுவே சட்டம். கதிரேசனுக்குப் பயம். முதலில் ஒரு செடியில் செய்து பார்க்கலாம் என்றது அவன்தான்.

அன்று மாலை அவள் காய்ந்த பூவைக் கிள்ளி, அடிப்பக்கத்தைப் பிரித்தாள். மெல்லிய கறுப்பு ஊசிகள், நுனியில் வெளிறிய குஞ்சத்தோடு, உள்ளங்கையில் கொட்டின.

"இத்தனையும் ஒரு பூவுக்குள்ளயா இருந்துச்சு?" கதிரேசன் குனிந்து பார்த்தான்.

"ஆமாங்க."

"இதுல எது நம்ம செடி?"

"எதுவுமில்ல. இதெல்லாம் வேற."

அவன் ஒரு விதையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

"காயறப்ப அதுக்கு வலிச்சிருக்குமா?"

"கேட்டுப் பாக்கலீங்க."

"நக்கல் பண்ணாத."

விதைகளை அவள் காகிதத்தில் மடித்து வைத்தாள்.

மறுநாள் மணி அடித்தபோது இன்பவல்லி எழவில்லை. கதிரேசன் குழாய்வரை போனான். கொஞ்ச நேரம் நின்றான். துளி வாங்காமலே குழாயை அடைத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மழைக்காலம் ஓய்ந்ததும் விதைத்தார்கள். அவள் தண்ணீர் எடுக்க உள்ளே போயிருந்தாள். அவன் குந்தி உட்கார்ந்து மண்ணைக் கிளறி, விதையைத் தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டான். எழப்போனவன் பாதியில் நின்றான்.

"இன்பா, இங்க வா. சீக்கிரம்!"

அவள் சொம்போடு ஓடிவந்தாள். "என்னாச்சுங்க?"

"முட்டி வலிக்குது."

"நெசமாவா?"

"சத்தியமா. இங்கதான், தொட்டுப் பாரு."

அவள் தொட்டுப் பார்த்தாள். இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. பார்கவி எட்டிப் பார்த்து என்ன விசேஷம் என்றாள்.

"அக்கா," கதிரேசன் சத்தமாகச் சொன்னான், "எனக்கு முட்டி வலிக்குதுங்க!"