ஜன்னல் கம்பியில் கப்பல்கள்

1972-ஆம் வருஷத்து ஐப்பசி மழைக்கு ஈவு இரக்கமே இல்லை. ராயபுரம் பாலத்தடியில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். ஒரு கையில் குடை, மறு கையில் சேலைக் கொசுவம் என்று அடைக்கலமேரி ஓரமாக, அடிமேல் அடி வைத்து நடந்துகொண்டிருந்தாள். குறுக்கே வந்தவனுக்குக் கண் எங்கே போயிற்றோ... அவன் தோளில் சுமந்து வந்த பெரிய பெட்டியின் மூலை அவள் குடையில் மாட்டியது. குடை பறந்தது. அவன் வழுக்கினான். வழுக்கியவன் பெட்டியை மட்டும் விடவில்லை. அதை மடியில் வாங்கிக்கொண்டு நடுத்தண்ணீரில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் தலையிலிருந்து கால்வரை நனைந்து நிற்பவள் சிரிக்கலாமா? முறைத்தாள்.

அவன் சுற்றியிருந்த மெழுகுத்துணியை விலக்கிப் பெட்டியைத்தான் முதலில் தடவிப் பார்த்தான். "அப்பாடா... ஒண்ணும் ஆவல."

"பொட்டிக்கு இன்னா ஆவப் போவுது? அடிபட்றது எல்லாம் மன்சனுக்குத்தான்."

அப்போதுதான் நிமிர்ந்தான். இமையெல்லாம் மழைத்துளி. அதற்குப் பின்னால் இரண்டு பெரிய கண்கள், திருவிழாவில் தொலைந்து அகப்பட்ட பிள்ளையைப் போல விழித்தன. அவள் வாயில் தயாராக வைத்திருந்த நாலு வசவும் எங்கேயோ போய்விட்டன... அவன் எழுந்து ஓடி, சாக்கடை ஓரம் சுற்றிக்கொண்டிருந்த குடையைப் பிடித்து வந்து கொடுத்தான். ஒரு கம்பி வளைந்திருந்தது. வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு நடந்தாள்.

'ஆளப் பாரு... மனசு பூரா பொட்டி மேல. ஆனா அந்தக் கண்ணு...' என்று ஆரம்பித்த நினைப்பை அங்கேயே நிறுத்தி, ஆபீஸ் படி ஏறினாள்.

துறைமுகத்துக்கு வரும் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் கம்பெனி அது. முதலாளி குணசேகரன். அவருக்கு அடுத்து ஹெட் கிளார்க் பொன்னுரங்கம். டைப் அடிப்பது, சீட்டு எழுதுவது, எந்தக் கப்பலுக்கு என்றைக்கு எத்தனை லாரி என்று நினைவு வைத்துக்கொள்வது எல்லாம் அடைக்கலமேரி. அவள் நினைவு வைத்துக்கொண்டதை முதலாளியிடம் போய்ச் சொல்லி நல்ல பெயர் வாங்குவது பொன்னுரங்கம். இப்படி ஒரு ஏற்பாடு, யாரும் ஏற்படுத்தாமலே அங்கே ரொம்ப நாளாக நடந்துவந்தது.

தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். நடு மேசையில் அதே பெட்டி! பக்கத்தில் அதே ஆள், சொட்டச் சொட்ட.

அவன் பெயர் ஸ்டானிஸ்லாஸ். திருவொற்றியூரில் ஒரு சின்னப் பட்டறை. ஆபீஸ் மேசைக்கென்று அங்கே செய்திருக்கும் சாதனத்துக்கு 'மேசைத் தோழன்' என்று பெயர். பார்வைக்கு ஆர்மோனியப் பெட்டி மாதிரி இருந்தது. உள்ளே மாதத்தின் ஒவ்வொரு தேதிக்கும் ஓர் அறை. செய்ய வேண்டிய வேலையைச் சீட்டில் எழுதி அந்தந்தத் தேதியில் போட்டுவிட வேண்டியது. காலையில் பித்தளைக் குமிழைத் திருகினால் அன்றைய சீட்டுகள் தாமாகவே மேலே எழும்பும். அவளைக் கண்டதும் ஒரு கணம் தடுமாறினாலும், மேடைப் பேச்சாளர் போலச் சுத்தத் தமிழில் சிறப்பு அம்சங்களை அடுக்கி முடித்தான். குணசேகரன் முகத்தில் திருப்தி தெரிந்தது.

"கப்பல் தேதி மாறினா?" என்று பின்னாலிருந்து கேட்டாள் அடைக்கலமேரி.

"மாறினா... சீட்ட எடுத்து வேற அறையில போடலாம் மிஸ்."

"ஒரு கப்பலுக்கு முப்பது சீட்டு கீது. லாரி, கூலி, கேட் பாஸ்னு ஒவ்வொண்ணும் ஒரு தேதி. மழ பேஞ்சா எறக்க மாட்டாங்கோ. எடம் இல்லாங்காட்டி வெளியவே நங்கூரம் போட்டு நிப்பாட்டுவாங்கோ. நித்தம் குந்திகினு சீட்டு மாத்தினா நான் எப்போ டைப் அடிக்கிறது?"

ஆபீஸே சிரித்தது. அவனுக்கு முகம் சிவக்கும் என்று பார்த்தாள். சிவக்கவில்லை. கண்கள்தான் இன்னும் பெரிதாயின. அப்படியானால் இப்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று அவன் கேட்க, அவள் ஜன்னலைக் காட்டினாள்.

ஜன்னலின் ஒவ்வொரு கம்பியும் ஒரு நாள். ஒவ்வொரு கப்பலின் சீட்டுகளும் துணி காயப்போடும் கிளிப்பில் ஒரு கொத்து. சீட்டில் தேதிக்குப் பதில் 'கப்பலுக்கு முதல் நாள்', 'மறுநாள்' என்றுதான் எழுதியிருப்பாள். கப்பல் ஒரு நாள் தள்ளிப்போனால் கொத்தோடு அடுத்த கம்பிக்குத் தள்ளிவிடுவாள். அவ்வளவுதான், வேலை முடிந்தது. வெளியே துறைமுகத்துக்கு அப்பால் நிஜக் கப்பல்கள் காத்து நிற்க, உள்ளே அவளுடைய காகிதக் கப்பல்கள் கம்பியில் ஆடிக்கொண்டிருந்தன.

ஜன்னலருகே போய் நின்றவன், பொருட்காட்சிக்கு வந்தவன் மாதிரி நகரவே இல்லை. இது யாருடைய யோசனை என்று கேட்டான். அவள் வாய் திறக்குமுன் பொன்னுரங்கம் தொண்டையைக் கனைத்தார். "நம்ம ஆபீஸ் பழக்கம்ப்பா. நாந்தான் பழக்கி வுட்டேன்."

அடைக்கலமேரி உதட்டைக் கடித்துக்கொண்டு மெஷினில் காகிதம் செருகினாள். பெட்டியைப் பரீட்சைக்கு விட்டுவிட்டுக் கிளம்பும்போது, அவன் அவள் மேசையருகே குனிந்து, நிஜமாக யாருடைய யோசனை என்று மெதுவாகக் கேட்டான்.

"என்னுது" என்றாள், தலை நிமிராமல். இந்த ஒரு கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள்...

அடுத்த வியாழக்கிழமை வந்தான். அதற்கடுத்த வியாழனும் வந்தான். ஒவ்வொரு முறையும் பெட்டியைத் திருவொற்றியூருக்கு எடுத்துப் போவதும், புதிதாக ஒன்றைச் சேர்த்துக் கொண்டுவருவதுமாக இருந்தான். தேதி அறைகள் போய், குறுக்குக் கம்பிகளும் கப்பலுக்கு ஒன்றாகக் கொக்கிகளும் வந்தன. கொக்கியைத் தள்ளினால் கொத்து முழுவதும் வழுக்கிக்கொண்டு போயிற்று. தாமதமான கப்பலுக்கு ஒரு சிவப்புத் தகடு. அது அவன் யோசனை. அருமையான யோசனை என்று அவளுக்கே தெரியும். ஆனால் உடனே ஒத்துக்கொண்டால் அப்புறம் அடுத்த வியாழனுக்கு என்ன வேலை?

"தகடு கண்ணக் குத்துது" என்றாள்.

"சின்னதா வெட்டிடலாம்."

"ஓரம் கூரா கீது. கை கிழிச்சிக்கும்."

"அரம் போட்டுட்றேன். வேற?"

"யோசிச்சி வெக்கிறேன்... அடுத்த வாரம் வாங்கோ."

மூடியைத் திறந்தால் மணி அடிக்கும்படி ஒரு முறை செய்து வந்தான். அந்த ஆபீசில் மணி அடித்தால் டீ என்று அர்த்தம். அதனால் அவள் மூடியைத் திறக்கும்போதெல்லாம் பியூன் மாசானம் கடைக்கு ஓடி டீயோடு வந்து நின்றார். அன்றைக்கு ஆபீசில் இருந்தவர்கள் டீயில் குளிக்காததுதான் பாக்கி. மணியைக் கழற்றும்போது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கணக்கு எழுதும் ஜன்னத் இதையெல்லாம் கவனிக்காமல் இருப்பாளா? வியாழக்கிழமை மட்டும் உனக்குக் கனகாம்பரம் எங்கிருந்து கிடைக்கிறது என்று கேட்டு உயிரை வாங்கினாள்.

தை பிறந்ததும் துறைமுக ஏஜெண்டுகள் சங்கத்தில் ஒரு கூட்டம். அங்கே மேசைத் தோழனின் புது மாடலை அறிமுகம் செய்யப்போகிறான் ஸ்டானிஸ்லாஸ். அவளையும் அவசியம் வரச் சொன்னான். நீலப் பட்டு உடுத்தி, ஜன்னத்தைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேர் சொல்வான்... நிச்சயம் சொல்வான்...

மேடையில் அவன் கொக்கியைத் தள்ளிக் காட்டியதும் கூடம் முழுக்கக் கைதட்டல். இந்த அருமையான யோசனை யாருடையது என்று தலைவர் கேட்டார். ஸ்டானிஸ்லாஸ் கூட்டத்தை ஒரு முறை பார்த்தான். கடைசி வரிசையில் அவளைப் பார்த்தான். "எங்கள் பட்டறையின் யோசனை" என்று சொல்லிவிட்டு அடுத்த அம்சத்துக்குப் போனான். முன் வரிசையில் பொன்னுரங்கம் பக்கத்து ஆளின் காதில், அது உண்மையில் தாம் சொல்லிக் கொடுத்தது என்று ஓதிக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்து முகமெல்லாம் பல்லாக ஓடி வந்தவன், எப்படி இருந்தது என்று கேட்டான்.

"பட்டற யோசன ரொம்ப ஜோரு" என்று சொல்லிவிட்டு, ஜன்னத்தின் கையைப் பற்றிக்கொண்டு வெளியேறினாள் அடைக்கலமேரி. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். பொன்னுரங்கம் சொல்லாதது பழகிப்போன வலி. இவனும் சொல்லாததுதான் பொறுக்கவில்லை.

வியாழக்கிழமை அவன் வந்தபோது, ஆபீசில் பரீட்சைக்கு விட்டிருந்த பெட்டி கட்டிவைத்த நிலையில் வாசலில் கிடந்தது. ஜன்னல் கம்பியில் பழையபடி கிளிப்புகள். அவள் மெஷின் மட்டும் இடைவிடாமல் தடதடத்தது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் வராந்தாவில் வழிமறித்து, நான் என்ன தப்புச் செய்தேன் என்று கேட்டான். அவள் சொன்னாள். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"நான் சொல்லத்தான் வாயத் தொறந்தேன் மிஸ். மேடையில நின்னு பாத்தா ஒங்க ரெண்டு பேரத் தவுர அத்தினி பேரும் ஆம்பளைங்க. கூட்டத்துல ஒரு பொண்ணு பேர நான் எடுத்தா, சாயங்காலமே டீக்கட டீக்கடயா அடிபடும். யாரு அவோ, இவனுக்கு இன்னா வேணும்னு கேப்பாங்கோ. ஒங்க அப்பா ஹார்பர்ல கிரேன் ஓட்றவரு. அவரு காதுக்கு எப்டி போவுமோன்னு..."

"எங்க அப்பா காதுக்கா? எம் பொண்ணு யோசனன்னு சொல்லிகினே எண்ணூரு வரைக்கும் நடந்து போயிருப்பாரு. எம் பேருக்கு நானே பயப்படல. எனக்காவ பயப்பட நீங்க யாரு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு, பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு படி இறங்கினான். தன் வீம்புக்குத் தானே சபாஷ் போட்டுக்கொண்டு உள்ளே போனவள், அன்றைக்கு டைப் அடித்த கடிதம் ஒவ்வொன்றையும் இரண்டாவது தடவை அடிக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை... இன்னும் ஆபீஸ் முழுதாகக் கூடவில்லை, பெட்டியோடு வந்து நின்றான். குணசேகரனிடம் அனுமதி கேட்டு, எல்லோரையும் நடு மேசைக்கு அழைத்தான். பொன்னுரங்கம் வந்தார். மாசானம் வந்தார். ஜன்னத் அவளையும் தள்ளிக்கொண்டு வந்து முன்னால் நிறுத்தினாள்.

இந்தத் தடவை சுத்தத் தமிழ் இல்லை. "கூட்டத்துல ஒண்ணு தப்பா சொல்லிட்டேன். இந்தக் கொக்கி எங்க பட்டற யோசன இல்ல. இந்த ஆபீஸ் பழக்கமும் இல்ல. அடைக்கலமேரி யோசன. சங்கத்துத் தலைவரு வூட்டுக்குப் போயி அவராண்டயும் சொல்லிட்டுத்தான் வரேன்."

பொன்னுரங்கம் முகத்தில் ஈயாடவில்லை. சமாளித்துக்கொண்டு, ஒரு பெண்ணின் பேரை இப்படிப் பகிரங்கமாக எடுக்கிறானே, என்ன சமாச்சாரம் என்று இழுத்தார். அவன் பயந்தது இதற்குத்தான். அடைக்கலமேரி ஓர் அடி முன்னால் வந்தாள்.

"சமாச்சாரம் ஒண்ணும் இல்ல சார். யோசன என்னுது. எம் பேர சொன்னாரு."

குணசேகரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, ஜன்னலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். இனிமேல் கப்பல் விவரத்தை அவளே நேரில் வந்து சொல்லட்டும் என்றார். பேச்சை மாற்ற, பட்டறையின் எதிர்காலத் திட்டங்கள் என்ன என்று அவனிடம் கேட்டார். வீட்டுக்கு ஏற்ற சின்ன மாடல், பூட்டு வைத்த மாடல், பம்பாய் ஏஜெண்டுகளுக்கு இரட்டைத் தட்டு மாடல் என்று அவன் அடுக்கினான். அடைக்கலமேரிக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. அவள் பெயர் அந்தக் குரலில் எப்படி ஒலித்தது என்பதிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

அவன் கிளம்பியபோது, தண்ணீர் குடிக்கப் போகிறவள் மாதிரி வராந்தாவுக்கு வந்தாள். கடல்காற்றில் தலைப்பு படபடத்தது. பிடித்துக்கொண்டாள்.

"பெரிய பெரிய திட்டமா சொன்னீங்கோ. அவ்ளோதானா... இன்னும் கீதா?"

"ஒண்ணு பாக்கி கீது." பெட்டியைக் கீழே வைத்தான். "அத அங்க சொல்ல முடியாது."

"இங்க?"

குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தான். பிறகு அந்தப் பெரிய கண்களை நேராக அவள்மேல் வைத்தான். "இன்னொரு வாட்டி உன் பேர சபையில சொல்லணும். ஆனா நான் சொல்லக் கூடாது... ராயப்பர் கோயில்ல, ஞாயித்துக்கெழம பூசையில, சாமியார் ஓலை வாசிக்கணும். உன் பேரும் எம் பேரும் பக்கத்துல பக்கத்துல."

அடைக்கலமேரிக்குக் காதுமடல் சுட்டது. கல்யாணம் நிச்சயமானவர்களின் பெயரை மூன்று ஞாயிறு கோயிலில் வாசித்து, ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று ஊரையே கேட்பார்கள். எத்தனையோ பேருக்கு வாசித்துக் கேட்டிருக்கிறாள். தன் பெயரை அங்கே வைத்து நினைத்துப் பார்த்ததே இல்லை என்றால் அது பொய்.

அவள் தலைப்பு நுனியை விரலில் சுற்றிக்கொண்டே போக, அவன் தவித்துப்போனான். "எப்பவும் எதுனா குத்தம் சொல்லுவியே... இதுல இன்னா குத்தம்? சொல்லு, சரி பண்ணிட்றேன்."

அவள் நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

"அப்பா இன்னிக்கு சாயங்காலம் வூட்லதான் இருப்பாரு. வந்து பேசு" என்றாள். சொல்லிவிட்டுக் கதவுவரை ஓடியவள் அங்கேயே நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "ஊரு இன்னா சொல்லுமோ தெரியாது. எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல... எப்பவோ புடிச்சிப்போச்சி."