முதுகுப் படம்

சமையலறைக்குப் போன மனைவியின் முதுகை அவன் பார்க்கவில்லை. அவனைத் தாண்டித்தான் போனாள்; நிமிர்ந்தபோது நிலைப்படியில் அவள் முகம்தான் தெரிந்தது. ஏதோ சொல்லத் திரும்பியிருப்பாள் என்று மறுபடி குனிந்துகொண்டான். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

மழை இருட்டிக்கொண்டு வந்த சாயங்காலம். மேசைமேல் உள்ளங்கையளவு கேம் கருவி, கறுப்பு வெள்ளைத் திரை. நினைவகம் துளியூண்டே உள்ள சோப்ளாங்கிக் கருவி. அதற்குள் ஒரு துப்பாக்கி விளையாட்டை அடைக்க ஒரு வருடமாக மல்லுக்கட்டுகிறான். ஆடுபவன் தன் கண்ணால் பார்ப்பதுபோல் ஒரு வீடு, அறை அறையாகத் தேடிச் சுட ஓர் எதிரி. வீட்டுக்கு இந்த வீட்டையே வரைந்தான். எதிரிக்கு மனைவியைச் சுவரோரம் நிறுத்தி, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் படம் எடுத்தான்.

"என்னைச் சுடத்தான் இவ்வளவு நாளா ராப்பகலா உக்காந்திருந்தீங்களா?" என்று அன்றைக்குச் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் சிரித்து அவன் பார்க்கவில்லை.

நேற்று கருவியில் இடம் பற்றவில்லை. முதுகுப் படத்தையும் பக்கவாட்டுப் படங்களையும் அழித்தான். முகம் மட்டும் போதும். எந்தப் பக்கம் போனாலும் எதிரி ஆடுபவனையே பார்த்து நிற்கும். எதிரியின் முதுகு யாருக்கு வேண்டும்?

நேற்றுத்தான் அவளும் துணிப்பையைக் கட்டி வாசலருகே வைத்தாள். "வருஷம் பூரா உங்க முதுகுகிட்டயே பேசியாச்சு. நாளன்னிக்குக் காலைல அக்கா வீட்டுக்குப் போறேன்." அதற்குள் விளையாட்டை முடித்துவிட்டால் அவளை நிறுத்திவிடலாம் என்று நம்பினான். அந்த நம்பிக்கை அவனுக்கே கசந்தது.

சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. பாத்திரம் உரசும் சத்தமில்லை, வளையல் சத்தமில்லை, ஈரத்துணியின் புளித்த வாடை மட்டும் கூடத்துக்கு வந்து, மேசை விளக்கின் சூட்டோடு கலந்து, அவன் மூக்கிலேயே தங்கிவிட்டது. எழுந்து போனான்.

அவள் பாத்திரத் தொட்டியருகே நின்றிருந்தாள். கைகள் அந்தப் பக்கம், தண்ணீருக்குள். முகம் இந்தப் பக்கம்.

சுவரோரமாக நகர்ந்தான். முகம். ஜன்னல் பக்கம் போனான். முகம். அவள் கால்கள் அசையவில்லை.

"கொஞ்சம் திரும்பேன்."

"திரும்பித்தாங்க நிக்கிறேன்."

மேசைக்கு ஓடினான். அழித்த படங்களைத் தேடினான். நகல் வைத்திருக்கவில்லை. இடத்தை அடைக்கிறதென்று கணினியிலிருந்தும் துடைத்திருந்தான்.

திரும்பி வந்தான். குழாய் நின்றிருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அவளைக் கட்டிக்கொண்டான். அழுகை வந்தது. "போகாத. எல்லாத்தையும் விட்டுடறேன்."

அவள் ஈரக் கைகள் அவனைச் சுற்றிக்கொண்டன. சூடாக இருந்தாள். அவள்தான்.

பின்னலைத் தேடி அவன் கை அவள் பின்னந்தலைக்குப் போனது.

முடி இல்லை. நெற்றி. இமை மயிர். மூச்சு.

விரல்களுக்கடியில் உதடுகள் மெல்ல அசைந்தன.

"இன்னும் இடம் பத்தலையாங்க?"