கொக்கிப் பாறைக்கு எந்த ஷூ?

"இன்னிக்கு விட்டா அந்தப் பாறையே இருக்காது ஹெப்சி! கிளம்புறியா, இல்லையா?"

பொழுது புலரும் நேரத்தில் வாசலில் பைக்கை நிறுத்திவிட்டுக் கத்தினான் குபேந்திரன். பக்கத்தில் ஸ்கூட்டரில், கயிற்றுச் சுருளைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு வெண்மதி உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், குபேந்திரனோடு பாறை ஏறுகிறவள். காலையிலேயே விசில் ஊதித் தெருவை எழுப்பாமல் இருந்ததே பெரிய விஷயம்!

ஹெப்சிபாவுக்கு ஆர்வமும் இல்லை, பயமும் இல்லை. பல் தேய்த்தாள், டீ குடித்தாள், வந்து நின்றாள். நான்கு வருடமாக அவள் எல்லாவற்றையும் இப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். அண்ணன் எபிநேசர் நெடுஞ்சாலையில் லாரி மோதிச் செத்த நாளிலிருந்து அவளுக்குள் ஏதோ ஒன்று மரத்துப்போயிருந்தது. அடக்கத்தின்போது அவள் அழவில்லை. "நெஞ்சழுத்தக்காரி" என்று சர்ச்சில் பேசிக்கொண்டார்கள். அதுவும் அவளுக்கு உறைக்கவில்லை.

எபியும் குபேந்திரனும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். வாரம் முழுக்கத் தோலோடும் பசையோடும் மல்லுக்கட்டிவிட்டு, ஞாயிறானால் கயிற்றைத் தூக்கிக்கொண்டு பாறை ஏறப் போய்விடுவார்கள். எபி கடைசியாக ஏறியது கொக்கிப் பாறை. பாதியில் மழை பிடித்துக்கொள்ள, தன் பையைப் பாறை இடுக்கில் செருகிவிட்டு இறங்கி வந்தான். அடுத்த ஞாயிறு போய் எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். அடுத்த ஞாயிறு அவன் இல்லை. குபேந்திரன் அதற்கப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

இப்போது அந்த மலையைக் கல் குவாரிக்குக் கொடுத்துவிட்டார்கள். பாறையில் துளை போட்டாயிற்று. இன்று வெயில் சாய்வதற்குள் வெடி! எபியின் பை அங்கேயேதான் இருந்தது. வீட்டிலிருந்த அவன் சட்டை, பெல்ட், செருப்பு எல்லாவற்றையும் அம்மா யார் யாருக்கோ கொடுத்துவிட்டாள். மிச்சம் அந்தப் பை ஒன்றுதான். அது தனக்கு வேண்டும் என்று மட்டும் ஹெப்சிபாவுக்குத் தெரிந்தது.

"முதல்ல காலுக்கு இன்னா போடப்போறே, அதைக் காட்டு" என்றான் குபேந்திரன்.

ஹெப்சிபா ரப்பர் செருப்பைக் காட்டினாள்.

"வேலிகாத்தான் முள்ளு, இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் வரும். வேற?"

கம்பெனியில் கொடுத்த சேஃப்டி ஷூவைக் காட்டினாள்.

"இரும்பு மூக்கு! பாறையில வழுக்கும். இடுப்புல மாட்டிக்கினு ஏறவும் முடியாது, அவ்ளோ கனம். இங்க பாரு ஹெப்சி, பாறை ஏறுற ஷூ வேற, பாறை வரைக்கும் நடக்குற ஷூ வேற. ஏறுறது விரலை நசுக்குற மாதிரி இறுக்கமா இருக்கும், அதுல நடக்க முடியாது. நடக்குறது லேசா இருக்கணும், முள்ளு தாங்கணும், பாறையில ஒட்டணும், குதிகால் ஆடக்கூடாது. ஏறினவன் அதைத் தூக்கிக்கினு போயி, எறங்கறப்ப போட்டுக்கணும்."

வெண்மதி தன் பையிலிருந்து ஒரு பழைய கேன்வாஸ் ஷூவை எடுத்து நீட்டினாள். சுண்டுவிரல் பக்கம் கிழிசல். அடியில் குபேந்திரன் வெட்டி ஒட்டிய கறுப்பு ரப்பர். "பாக்க அசிங்கமாத்தான்டி இருக்கும். ஆனா பல்லி மாதிரி ஒட்டும். போட்டுக்கோ."

"என்கிட்ட புதுசு இருக்கு" என்று சொல்லிவிட்டு ஹெப்சிபா உள்ளே போனாள்.

அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்தாள். ஆர்டர் ரத்தாகிக் கிடங்கில் கிடந்த சாம்பிள்களிலிருந்து எபி அவளுக்காகவே கேட்டு வாங்கிய ஜோடி. "ஒருநாள் உன்னையும் கூட்டிப்போறேன்" என்று சொல்லிக் கொடுத்தது. ஹெப்சிபாவுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை, பேக்கிங் பிரிவில். ஒவ்வொரு ஷூவையும் விளக்கடியில் திருப்பிப் பார்த்து, துடைத்து, காகிதம் திணித்து, டப்பாவில் வைத்து மூடுவாள். அவள் மூடிவிட்டால் அந்த ஷூவுக்கு இனி ஒரு குறையும் வராது என்பது அவள் கணக்கு. இந்த ஜோடியை அவள் காற்றுப் புகாமல் பாலிதீனில் சுற்றி வைத்திருந்தாள். மாதா மாதம் பிரித்துத் தோலுக்கு மெழுகு தடவி மறுபடி சுற்றுவாள். ஒருநாளும் காலில் போட்டதில்லை.

தோல் பளபளவென்று இருந்தது. தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை. குபேந்திரன் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"புதுசுண்ணா. என் கையால மூடினது" என்றாள் ஹெப்சிபா.

"சரி, கிளம்பு!"

மலையடிவாரத்தில் குவாரிக் காவல்காரர் தடியைக் குறுக்கே நீட்டினார். குபேந்திரன் விஷயத்தைச் சொன்னான். அவர் ஹெப்சிபாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தடியை எடுத்தார். "உச்சி வெயிலுக்கெல்லாம் வெடிமருந்து வெக்க ஆளு வந்துடுவான். சங்கு ஊதினா எங்க இருந்தாலும் ஓடியாந்துடணும். அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது!"

முள்காட்டுக்குள் நுழைந்தார்கள். குபேந்திரன் கத்தியால் கிளைகளை வெட்டிக்கொண்டு முன்னால் போனான். வெண்மதி கடைசியில் வந்தாள். "குனி! இடது பக்கம் குழி! அந்தக் கல்லு ஆடுது, மிதிக்காத!" என்று அவள் வாய் ஓயவில்லை. முள்காடு முடிந்ததும் வீடு வீடாக உருண்டு கிடந்த பாறைகள். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவினார்கள். ஹெப்சிபாவும் தாவினாள். புது ஷூ காலுக்குக் கச்சிதமாக இருந்தது. எபிக்கு அவள் கால் அளவு நன்றாகத் தெரியும். அதை நினைத்தால் அழுகை வரவேண்டும். வரவில்லை.

அதற்கப்புறம் சரிவுப் பாறை. வழுவழுவென்று ஒரே பாறை, பிடிக்க ஒரு புல்கூட இல்லை. கீழ் விளிம்புக்கு அப்பால் ஆழமான பள்ளம். குறுக்கே நடந்து அந்தப் பக்கம் போனால்தான் கொக்கிப் பாறையின் அடி.

"உடம்பை நிமித்தி, காலை முழுசா வெச்சு நட! கீழ பாக்காத!" என்றான் குபேந்திரன்.

பாதி தூரம் போனதும் ஹெப்சிபாவின் காலுக்கடியில் ஏதோ பொடிந்தது. திரும்பிப் பார்த்தாள். வந்த வழியெல்லாம் ரஸ்க் தூள் கொட்டியதுபோல் சாம்பல் நிறத் துகள்கள். அடுத்த அடி வைத்தாள். வலது ஷூவின் அடிப்பாகம் மொத்தமாகக் கழன்று சறுக்கிக்கொண்டே போய்ப் பள்ளத்தில் விழுந்தது. கூடவே அவளும் சறுக்கினாள்!

"ஹெப்சீ!"

வெண்மதி பாய்ந்து அவள் தோள்பையின் பட்டையைப் பிடித்துவிட்டாள். இருவரும் சேர்ந்து இழுபட்டு, விளிம்புக்குக் கொஞ்சம் மேலே நின்றார்கள். வெண்மதிக்கு மூச்சு வாங்கியது. ஹெப்சிபா பாறையில் மல்லாந்து கிடந்தபடி, ஒட்டு நன்றாகத்தானே இருந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். செத்திருப்போம் என்ற எண்ணமே அப்புறம்தான் வந்தது. அப்போதும் நெஞ்சு படபடக்கவில்லை. அதுதான் அவளுக்கு முதல்முறையாக ஒரு மாதிரி இருந்தது.

குபேந்திரன் கயிற்றை வீசி இருவரையும் அந்தப் பக்கம் சேர்த்தான். இடது ஷூவைக் கழற்றி வளைத்தான். மண்கட்டிபோல் உதிர்ந்தது.

"பி.யூ. சோலு, பஞ்சு மாதிரி பிளாஸ்டிக். காத்தோட்டம் இல்லாம மூடி வெச்சா ஈரம் உள்ளயே நின்னு உளுத்துப்பூடும். போட்டு நடந்துகினே இருந்திருந்தா இன்னும் கொஞ்ச வருஷம் தாங்கியிருக்கும்" என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். "காலையிலயே தெரியும்மா. வளைச்சுப் பாருன்னு சொல்லியிருக்கணும். எபி குடுத்ததாச்சேன்னு வாய் வரல."

வெண்மதிக்கு வந்ததே கோபம்! "ஊரு உலகத்துக்கே ஷூ செஞ்சு அனுப்புறீங்க! ஒருத்தி நாலு வருஷம் அதைப் பொணம் மாதிரி சுத்தி வெச்சிருக்கா, ஒருத்தன் பாத்தும் வாயை மூடிகினு வரான்! என் கிழிஞ்ச ஷூவை ரெண்டு பேரும் அசிங்கம்னு விட்டுட்டு வந்தீங்க இல்ல!"

"திரும்பிடலாம்" என்றான் குபேந்திரன். "வெறுங்காலோட எறங்கணும்னா ரொம்ப நேரமாவும். வெயில் வந்தா பாறை தோசைக்கல்லு. சங்கு ஊதிட்டான்னா மாட்டிக்குவோம்."

ஹெப்சிபா நிமிர்ந்து பார்த்தாள். கொக்கிப் பாறை தலைக்கு மேலே வளைந்து நின்றது. "பை எங்க இருக்குது?"

குபேந்திரன் கை நீட்டிய இடத்தில், உயரத்தில் ஒரு சிறு திட்டு. அதன் இடுக்கில் நீலமாக ஏதோ தெரிந்தது.

"ஏறலாம்ணா" என்றாள்.

வெண்மதி தன் ஏறும் ஷூவைப் பையிலிருந்து எடுத்து அவள் காலில் மாட்டி இறுக்கினாள். விரல்கள் மடங்கி நசுங்கின. குபேந்திரன் முன்னால் ஏறினான். விரிசல்களில் இரும்புத் துண்டுகளைச் செருகிக் கயிற்றை மாட்டிக்கொண்டே போனான். திட்டை அடைந்ததும், "வா!" என்று மேலிருந்து கத்தினான். ஹெப்சிபா ஏறினாள். ஒருமுறை கை நழுவிக் கயிற்றில் தொங்கினாள், மறுபடி பிடித்து ஏறினாள். கால் விரல்களில் உணர்ச்சியே இல்லை. உடம்பு முழுக்க நான்கு வருடமாக அப்படித்தானே இருந்தது, அதனால் அது அவளுக்கு ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை.

திட்டில் பை இருந்தது! வெளுத்துப்போன நீலப் பை. மேலே கூரைபோல் பாறை நீட்டிக்கொண்டிருந்ததால் மழை தொடவில்லை. ஹெப்சிபா திறந்தாள். உள்ளே கொஞ்சம் இரும்புச் சாமான், மக்கிப்போன நாடாக்கள். அவற்றுக்கு அடியில் ஒரு ஜோடி ஷூ.

எபி மலைக்கு நடக்கும் ஷூ. நுனி தேய்ந்து, பக்கமெல்லாம் கீறல். ஒன்றுக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அவள் அதை வளைத்தாள். தோல் விறைத்திருந்தது. தைத்த ரப்பர் அடி மட்டும் வளைந்து நிமிர்ந்தது.

குபேந்திரன் பையைத் தடவிப் பார்த்தான். "மழையில அவசர அவசரமா கயித்துல எறங்கினோம். பை மேலயே தங்கிடுச்சு, நடக்குற ஷூவும் அதுக்குள்ளயே. அப்புறம் கீழ வரைக்கும் வெறுங்கால்ல நடந்தான். வழி பூரா என்னைத் திட்டிகினே வந்தான்."

ஹெப்சிபா ஷூவைத் தட்டிக் குளவிக்கூட்டை உதிர்த்தாள். "இதைப் போட்டுக்கினு எறங்கறேன்" என்றாள்.

"ஆம்பளை சைஸும்மா. உன் காலு உள்ள நீச்சலடிக்கும்!"

"துணி திணிச்சுக்கறேன்."

கயிற்றில் இறங்கினார்கள். கீழே காத்திருந்த வெண்மதி தன் துப்பட்டாவைக் கிழித்துக் கொடுத்தாள். அதை ஷூவுக்குள் அடைத்து, கயிற்றில் ஒரு துண்டை நறுக்கிக் கணுக்காலோடு சுற்றிக் கட்டினார்கள். வெயில் ஏறிவிட்டது. சரிவுப் பாறை தகித்தது. ஹெப்சிபா உடம்பை நிமிர்த்திக் கால் வைத்தாள். ரப்பர் பாறையைக் கவ்விப் பிடித்தது. தேய்ந்த ஷூ, உளுத்த ஷூ இல்லை!

பாறைக் குவியலைத் தாண்டும்போது சங்கு ஊதியது.

"ஓடு!"

முள்காட்டுக்குள் ஓடினார்கள். கிளைகள் முகத்தில் அறைந்தன. அடியில் முள் நறநறவென்று முறிந்தது, ஒன்றும் உள்ளே ஏறவில்லை. ஆனால் ஒவ்வொரு எட்டுக்கும் குதிகால் உரசியது. முதலில் சூடு. பிறகு எரிச்சல். பிறகு யாரோ தோலை உரிப்பதுபோல் வலி! ஹெப்சிபா பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள். காவல்காரர் சிவப்புக் கொடியை ஆட்டிக்கொண்டு வாய்க்கு வந்தபடி திட்டினார். அவர் கொட்டகையைத் தாண்டிப் புளியமரத்தடியில் வந்து விழுந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் தரை அதிர்ந்தது. கொக்கிப் பாறை மெதுவாகக் குனிந்து, புழுதிக்குள் போயிற்று. புழுதி அடங்கியபோது அங்கே வெறும் வானம்தான் இருந்தது.

"ஜெயிச்சுட்டோம்டி!" என்று வெண்மதி இருமிக்கொண்டே கத்தினாள்.

ஹெப்சிபா ஷூவைக் கழற்றினாள். குதிகாலில் தோல் மொத்தமாக உரிந்திருந்தது. காற்றுப் பட்டதும் சுரீர் என்றது. "வலிக்குதுண்ணா" என்றாள். இன்னொரு முறை சொன்னாள். வாய்விட்டு, ஊர் கேட்க, மூக்கு ஒழுக அழுதாள். எபி செத்துப்போனது அவளுக்கு அப்போதுதான் வலித்தது. திட்டிக்கொண்டிருந்த காவல்காரர் தண்ணீர்ச் சொம்பை எடுத்துவந்தார்.

சாயங்காலம் குதிகாலில் கட்டோடு வீடு வந்து சேர்ந்தாள். பையை அம்மாவிடம் கொடுத்தாள். ஷூவைத் துடைத்தாள். கை பழக்கத்தில் காகிதத்தையும் டப்பாவையும் தேடியது. எடுத்த காகிதத்தைக் கீழே போட்டாள். மூடி வைத்தால் பத்திரம் என்பது கிடங்குக்குச் சரி, காலுக்குச் சரியில்லை என்பதை அவள் அன்று கற்றுக்கொண்டிருந்தாள். வாசலில், எல்லோருடைய செருப்புகளுக்கும் நடுவில் அந்த ஜோடியை விட்டுவிட்டுப் போய்ப் படுத்தாள்.

மறுநாள் காலையில் எழுந்து வந்தபோது அப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பால் வாங்கக் கிளம்பியவர். ஒரு காலை அந்த ஷூவுக்குள் விட்டுவிட்டு, அடுத்த காலை விடாமல் அப்படியே இருந்தார். மகளைப் பார்த்ததும், திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி எழப் போனார்.

"எனக்கு சரியா இருக்குது பாப்பா" என்றார்.

ஹெப்சிபா நொண்டிக்கொண்டே வந்து அவர் காலடியில் உட்கார்ந்து, அடுத்த ஷூவையும் மாட்டிவிட்டு, நாடாவை இறுக்கிக் கட்டினாள்.

"போட்டுக்கினு போப்பா. நடக்க நடக்க தோலு இளகிக்கும்."

அப்பா பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.