வெள்ளிக்கிழமை தூக்கு!

"ஐயோ! வெள்ளிக்கிழம என் புருஷன தூக்குல போடறாங்களே!"

மலேசியாவின் கேமரன் மலை, பிரிஞ்சாங் கடைத்தெருவே அந்த அலறலில் திரும்பிப் பார்த்தது.

1979. திங்கட்கிழமை காலை பத்து மணி. மாடியில் வக்கீல் விஜயனின் ஆபீஸ். தரையில் விழுந்து கிடந்தாள் இராசம்மா, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள்.

"எந்திரிங்கம்மா..."

"மாட்டேன்யா! கங்காணி மாடசாமிய எம் புருஷன் சுப்பன்தான் வெட்டினான்னு மூணு நாள் கோர்ட்ல கத்துனது நீங்கதானே? அப்ப கவர்மென்ட் வக்கீலு. இப்ப சொந்த ஆபீஸு. உள்ள தள்ளுனவருக்கு வெளிய எடுக்கத் தெரியாதா?"

பாவம்! கோர்ட் என்றால் அவளுக்கு அவ்வளவுதான் புரிந்திருந்தது.

"ஒருத்தனுக்கு எதிரா நின்ன வக்கீல், அதே கேஸ்ல அவனுக்காக நிக்க முடியாதும்மா. சட்டம் விடாது. அதோட இன்னொரு விஷயம்..."

முடிப்பதற்குள் படியில் பூட்ஸ் சத்தம்!

இராசம்மா எட்டிப் பார்த்தாள்.

"கிராணி!"

நாகப்பன் கிராணி. தோட்டத்தில் ஆள் பேர் எழுதுபவன். கொலை நடந்த காலையில் சுப்பன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கே வரவில்லை என்று செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைக் காட்டிச் சாட்சி சொன்ன மகராசன்! லீவு சொல்லாமல் வந்தது தெரிந்தால் லயத்து வீட்டையும் பிடுங்கிவிடுவான். அவள் சட்டென்று அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"லாயர் சார், பெரிய தலைவலிலா! பழைய செக்ரோல கொண்டானு போலீஸ் இன்ஸ்பெக்டர் ஆள் விட்டிருக்கான்."

"நாகப்பன், முதல்ல நான் ஒண்ணு சொல்லணும்..."

"இருங்க சார்! மனசுல உள்ளத கொட்டிடறேன். லாயர்கிட்ட சொன்னா வெளிய போகாதுல்ல?"

"கட்சிக்காரன் சொன்னா போகாது. ஆனா நீங்க எங்கிட்ட பேசாம இருக்கறது..."

"அது போதும்லா!" நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "சுப்பன் அன்னிக்கு பெரட்டுக்கு வந்தான். காலையிலேர்ந்து கவாத்துதான் வெட்டிட்டிருந்தான். அவன் பேர அழிச்சது நான்!"

விஜயன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஏன்?"

"மாடசாமிய வெட்டினது நானாச்சே! நான் தேயிலைய லோரில கடத்துனத துரைகிட்ட சொல்லப் போறேன்னான். விடுவேனா?"

"சுப்பனோட வேலை செஞ்சவங்க..."

"அவங்கதான் வந்து சொன்னாங்களே சார்! எல்லாம் ஒரே லயத்து ஆளுங்க, பொய் சொல்றாங்கன்னு மடக்குனது யாரு? நீங்கதான்!"

விஜயன் தலை குனிந்தான். வெட்கமாக இருந்தது.

"அடப்பாவி!"

அலமாரி ஆடியது. பாய்ந்து வந்த இராசம்மா நாகப்பனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

திடுக்கிட்டவன், அடுத்த நொடியே சிரித்தான்.

"கத்து! கொலைகாரன் பொண்டாட்டி பேச்ச எந்த ஜட்ஜு நம்புவாரு? லாயர் சார் வாயத் தொறக்க முடியாது. நான் அவர் கட்சிக்காரன்லா!"

"ஐயா... உங்க காதாலதானே கேட்டீங்க? சொல்லுங்கையா!"

விஜயன் மேசை டைரியைப் புரட்டினான்.

உண்மை காதில் விழுந்த பிறகும் தூக்கா? இராசம்மா அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். அழக்கூடத் தெம்பில்லை.

விஜயனின் கை டெலிபோனை எடுத்தது.

"இன்ஸ்பெக்டரா? உடனே என் பழைய ஆபீசுக்கு வாங்க. கோலாலம்பூருக்கும் சொல்லணும்... வெள்ளிக்கிழம தூக்க நிறுத்தணும்!"

"சார்! நான் உங்க கட்சிக்காரன்!"

"எந்த வக்கீலுக்கு? ரெண்டு தடவ சொல்ல வந்தேன், நீங்க விடல. போன வாரமே இந்த ஆபீச மூடிட்டேன். இன்னிக்கு காலை எட்டு மணியிலேர்ந்து நான் மறுபடியும் கவர்மென்ட் வக்கீல். புஸ்தகம் எடுக்கத்தான் வந்தேன்!"

நாகப்பனுக்கு வேர்த்துக் கொட்டியது... கேமரன் மலைக் குளிரில்!

"அப்ப... நீங்கதான் எனக்கு எதிரா வாதாடுவீங்களா?"

"சேச்சே! கவர்மென்ட் பக்கம் நின்னாச்சு. சொந்த ஆபீஸ் வெச்சு எதிர்ப்பக்கமும் நின்னாச்சு. சாட்சிக் கூண்டுலதான் இன்னும் ஏறல... அந்தக் குறையையும் நீங்க தீர்த்து வெச்சுட்டீங்க!"