பஞ்சு ருசி பார்த்த கடலை

நம்பிக்கைக்கு என்ன விலை? அந்தப் பருப்பு வியாபாரியைக் கேட்டால் சொல்வார்: கால் கிலோ வறுத்த வேர்க்கடலை. அந்த விலைக்குத்தான் அவர் வாங்கினார்.

வாடகை மலிவென்று ஜன்னல் இல்லாத பழைய கிடங்கொன்றைப் பிடித்திருந்தார். நட்டநடுப் பகலிலும் உள்ளே இருட்டு. சாக்கு வாசம், அதற்கடியில் எலி மூத்திர நெடி. மூட்டைக்கு மூட்டை ஓட்டை. விஷம் வைத்துப் பார்த்தார். ஒன்றுகூடத் தொடவில்லை.

"உங்ககிட்ட பேரம் பேச வர்றவனைவிட எலி உஷாரு மச்சான்," என்று சிரித்தான் மைத்துனன். "அதுக்கு வாந்தி எடுக்க வராது. அதனால புதுசா எது வச்சாலும் துளி கடிச்சுட்டுக் காத்திருக்கும். இன்னொரு எலி வாயில அந்தத் தீனி வாசம் வந்தாத்தான் தைரியமா தின்னும்."

வீட்டில் ஓர் எலி இருந்தது. எட்டு வயது மகள் வளர்த்த வெள்ளை எலி, பஞ்சு.

"கிடங்கைச் சுத்திக் காட்டிட்டுக் கொண்டாந்துடறேன்டா கண்ணு," என்று கூண்டைத் தூக்கிப் போனார்.

மூன்று நாள் பஞ்சுவுக்கும் கிடங்கு எலிகளுக்கும் நல்ல கடலை. இருட்டிலிருந்து மீசைகள் நீண்டு, கம்பி வழியே பஞ்சுவின் வாயை மோந்தன. நான்காம் நாள் கடலையில் விஷம். கிடங்கு எலிகள் தயங்கின. அதே தட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் பஞ்சுவிடம் நீட்டினார். அது அவர் விரலை ஒருமுறை நக்கிவிட்டு வாங்கித் தின்றது.

கிடங்கு சுத்தமானது.

"பஞ்சு ஓடிப்போச்சும்மா," என்றார் மகளிடம். அவள் வெறுங்கூண்டில் தினமும் தீனி வைத்தாள். அதை அவர் பார்த்தார். மிச்சமிருந்த விஷக் கடலையைத் தீயில் கொட்டினார்.

ஒரு காலை, கிடங்கு மேசைமேல் ஒற்றை வறுகடலை. ஓரத்தில் ஊசிமுனைப் பல் தடம். மாதிரிச் சரக்கை வாயில் போட்டு மென்றபடியே விலை பேசிப் பழகியவர் அவர். யோசிக்கும் முன்னே கடலை வாய்க்குள் போய்விட்டது.

நல்ல கடலை.

மறுநாள் இன்னொன்று. வீசி எறியத்தான் எடுத்தார்.

மென்றுகொண்டிருந்தார்.

மூட்டைகளுக்குப் பின்னால் ஏதோ மெதுவாக மோப்பம் பிடிக்கும் சத்தம்.

மூன்றாம் நாள் அவர் கிடங்குக்கே போகவில்லை. கடலை அவரது சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் இருந்தது.

"சாப்பிடுங்கப்பா," மகள் காதருகே வந்து கிசுகிசுத்தாள். "பயப்படாதீங்க, நல்லாத்தான் இருக்கு. பஞ்சு எனக்கும் மூணு நாளா குடுக்குது."

அவள் மூச்சில் வறுத்த கடலை வாசம்.

மூலையில், வெறுங்கூண்டின் சக்கரம் சுழலத் தொடங்கியது.

வியாபாரிக்குக் கணக்குத் தப்பாது. மூன்று நாள் நல்ல கடலை கொடுத்தார். மூன்று நாள் நல்ல கடலை வந்து சேர்ந்துவிட்டது. பாக்கி, நாளைய கடலை ஒன்றுதான்.

அதை முதலில் தின்னப்போவது அவர் அல்ல.