பேட்ஜும் ரத்தமும்

காலை ஒன்பதரை மணி. வேங்கிக்கால் ஆபீஸில் கதிர்வீச்சு அளக்கும் கருவி அலறியது. ஒரு வாரமாகக் காணாமல் போயிருந்த இரிடியம், முதலாளி ஆதிமூலத்தின் நாற்காலிக்கு அடியில் ஒட்டியிருந்தது. குழாய்களின் வெல்டிங்கை எக்ஸ்ரே போலப் படமெடுக்க உதவும், கதிர்வீச்சை உமிழும் சின்ன உலோகத் துண்டு அது. உடம்பில் பட்ட கதிர்வீச்சைக் காட்டுவதற்கென ஆதிமூலம் சட்டையில் குத்தியிருந்த பேட்ஜ், ஆளையே கொல்லும் அளவைக் காட்டியது.

இன்ஸ்பெக்டர் வினோதினி ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் கட்டிலில் சம்மணம் போட்டுப் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு வாரமா அதுமேலதான் மேடம் உக்காந்திருந்தேன். எல்லாம் கவியா வேலை. என்மேல புகார் குடுத்தா, எடுபடல. இப்ப கோர்ட்டுக்குப் போயிருக்கா."

"இரிடியம் ரூம் சாவி?"

"ரெண்டுதான். அவகிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு."

கீழ்பென்னாத்தூரிலிருந்து கவியாவை அழைத்து வந்தார்கள். அந்தக் கம்பெனியில் இரிடியத்தை வைத்து வெல்டிங்கைப் படமெடுப்பவள்.

"நீ வச்சியா?"

"இல்ல மேடம். எவனாச்சும் வச்சிருந்தா சந்தோஷம்தான்."

"ஏன்?"

"பேட்ஜை டிராயர்ல வச்சுட்டு வேலைக்குப் போன்னுவாரு. ரெண்டு தடவ கரு கலைஞ்சுது எனக்கு. பேட்ஜ் சுத்தமா இருக்குதேன்னு ஒருத்தரும் நம்பல."

இருவர் ரத்தமும் சென்னைக்குப் போனது. நான்காம் நாள் பரிசோதனைக்கூட டாக்டர் ஓவியா போனில் வந்தாள்.

"குரோமோசோமுக்கு ஒரு இடுப்புதான் மேடம். கதிர்வீச்சு பட்டா உடைஞ்சு தப்பா ஒட்டிக்கும், ரெண்டு இடுப்பாயிடும். அதை எண்ணினா எவ்வளவு பட்டுதுன்னு தெரிஞ்சிடும்."

முடிவைக் கேட்டுக்கொண்ட வினோதினி, கவியாவோடு வார்டுக்குள் நுழைந்தாள்.

"நாற்காலியில இரிடியத்தை வச்சது நீங்கதான் ஆதிமூலம். பேட்ஜ் ஆளு சாவற அளவுக்கு வாங்கியிருக்குது, உங்க ரத்தத்துல ரெண்டு இடுப்பு ஒண்ணுகூட இல்ல. பேட்ஜை மட்டும் இரிடியம் பக்கத்துல வச்சு எடுத்தீங்க. கருவி அலறின அன்னிக்குக் காலையில, நீள இடுக்கியால அதை நாற்காலியில ஒட்டினீங்க."

"பொய்!"

"ஒரு வாரம் அதுமேல உக்காந்திருந்தா தொடை வெந்திருக்கும். சம்மணம் போட முடியுமா? கவியா பேட்ஜ்தான் சுத்தம். அவ ரத்தம் பூரா ரெண்டு இடுப்பு."

ஆதிமூலம் கவியா பக்கம் திரும்பினார். "கவியா, பெரிய ஆஸ்பத்திரியில நானே உன்னைக் காட்டுறேம்மா..."

கவியா கட்டிலருகே வந்து நின்றாள்.

"உன் உடம்புக்கு ஒண்ணும் இல்லல்ல? நல்லது. நீ ரொம்ப வருஷம் உசுரோட இருக்கணும். ஜெயில்ல."