எச்சில் கிலுகிலுப்பை

மாசி மாசத்தில் மழை பெய்யக் கூடாது. ஆனால் பெய்தது. ரேணிகுண்டாவில் அரக்கோணம் பாசஞ்சர் கிளம்பும்போது வெறும் தூறல்தான். புத்தூர் வருவதற்குள் கொட்டோ கொட்டென்று கொட்ட ஆரம்பித்துவிட்டது.

மூன்றாம் வகுப்புப் பெட்டி. எதிரெதிர்ப் பலகைகளில் இரண்டு கைக்குழந்தைகள். இரண்டும் திருமலையில் முடி கொடுத்துவிட்டுத் திரும்புகிறவை. மொட்டைத் தலை, காயாத சந்தனம், வாய் நிறைய ஜொள்ளு... எது எவருடையது என்று பெற்றவர்களுக்கே ஒரு நொடி குழம்பும்.

தாட்சாயணியின் பக்கத்து ஜன்னல் பலகை இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. சாரல் நேராகப் பிள்ளை மேல் அடித்தது. முந்தானையால் அவனை மூடிக்கொண்டு அவள் தவித்தபோது, எதிரில் இருந்தவன் எழுந்து வந்தான். பலகையை இழுத்தான், குத்தினான், கடைசியில் பாதி இறக்கி, மிச்ச இடுக்கில் தன் துண்டைச் சுருட்டிச் செருகினான்.

"இனிமே நனையாது" என்றான்.

நிமிர்ந்து பார்த்தாள். அவனும் மொட்டைதான், அவன் தலையிலும் சந்தனம். ஆனால் அந்தக் கண்கள்... நனையும் பிள்ளைக்காக இரக்கப்படுகின்றனவா, தனக்காகவா என்று தெரியாத கண்கள். மொட்டைத் தலை ஆண்பிள்ளையைப் பார்த்து மனசு தடுமாறும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள். இப்போது சிரிப்பு வரவில்லை. சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். பொட்டில்லாத நெற்றியை அவன் பார்த்துவிட்டான் என்பது மட்டும் தெரிந்தது.

அவன் பெயர் கோவர்த்தனன். திருத்தணியில் கணக்கு வாத்தியார். பக்கத்தில் அவன் அக்கா வரலட்சுமி. அவள் மடியில் இருந்த மங்காவுக்கு அவன்தான் தாய்மாமன்.

"மாமன் மடியில உக்காந்து மொட்டை அடிச்சிக்கினா கொழந்த அழாதுன்னாங்க. இவ மலையையே கூட்டிட்டா" என்றான் பொதுவாக. "உங்க புள்ளைய யாரு மடியில வெச்சீங்க?"

"என் மடியிலதான்" என்றார் தாட்சாயணியின் அப்பா ஆதிநாராயணன். "மாமன் இல்லீங்க. அப்பனும் இல்ல. பொறக்கறதுக்கு முன்னாடியே காமாலையில பூட்டான்."

மூலையில் யாரோ, ஏப்ரலில் திருத்தணி மெட்ராஸோடு போகிறது, நகரி ஆந்திராவிலேயே நிற்கிறது என்று சண்டைக்கு அடி போட்டார்கள். "ஊரு எங்கயும் போவாது பெரியவரே, போர்டுதான் மாறும்" என்றான் கோவர்த்தனன். பெட்டி சிரித்தது. தாட்சாயணியும் முந்தானைக்குள் சிரித்தாள். சிரித்துவிட்டு உடனே பயந்தாள்.

அவளுக்குச் சிரிக்க என்ன யோக்கியதை? மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

பூஷணத்துக்கு வெறும் சளி என்று நினைத்துத்தான் மலையேறினாள். சத்திரத்தில் படுத்தபோது இருமல் மாறியது. இருமி இருமி, மூச்சை உள்ளே இழுக்கும்போது சேவல் கூவுகிற மாதிரி ஒரு சத்தம். கீழ்த் திருப்பதி ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் கேட்டவுடனே சொல்லிவிட்டார். "கக்குவான்மா. ஒட்டுவாரொட்டி. மத்த கொழந்தைங்க கிட்ட வுடாத. இது வாயில வெச்சதை அதுங்க வாயில வெக்கக் கூடாது. பால்குடிக் கொழந்தைக்கு வந்தா பொழைக்கறதே கஷ்டம்."

வெளியே வந்ததும் அப்பா சொன்னது வேறு. "ரயில்ல மூச்சு வுடாத தாயி. பாதி வழியில எறக்கி வுட்டுடுவாங்க. ஏற்கெனவே புருஷனைத் துன்னவள்னு ஊரு பேசுது. இதுவும் தெரிஞ்சா அவ்ளோதான்."

அதனால் பிள்ளையை மார்போடு அணைத்து, ஜன்னல் பக்கமே திருப்பி வைத்திருந்தாள். இரண்டு ராத்திரியாகக் கண் மூடாத உடம்பு. ரயில் ஆடிய ஆட்டத்தில்... எப்போது தூங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

விழித்தபோது மடி காலியாக இருந்தது.

மகள் தூங்கட்டும் என்று பூஷணத்தை எடுத்து, அப்பா எதிர்ப்பலகையில் உட்கார்த்தியிருந்தார். இரண்டு மொட்டைகளும் எதிரும் புதிருமாக. நடுவில் திருப்பதியில் வாங்கிய சிவப்பு மரக் கிலுகிலுப்பை. பூஷணம் அதைச் சப்பித் தள்ளினான், எச்சில் நூலாக வழிந்தது. மங்கா சிரித்துக்கொண்டே பிடுங்கித் தன் வாய்க்குக் கொண்டுபோனாள். முதல் தடவை மாதிரியே தெரியவில்லை. ரொம்ப நேரமாக இந்த விளையாட்டுதான் நடக்கிறது போல.

தாட்சாயணி பாய்ந்தாள். குழந்தையின் வாயிலிருந்து கிலுகிலுப்பையைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே வீசினாள். 

மங்கா வீறிட்டாள்.

"இன்னாங்க இது?" கோவர்த்தனன் எழுந்துவிட்டான். "கொழந்த வாயில இருக்கறதப் பிடுங்கி எறியற அளவுக்கு இன்னா ஆச்சு?"

அவள் வாய் திறந்தது. அப்பாவின் விரல்கள் அவள் கையைக் கிள்ளின.

"எச்சில் பாக்கறீங்களா? எங்க கொழந்த வாய் வெச்சதை உங்க புள்ள தொட்டா தீட்டா? அதுவும் ஏழுமலையானை சேவிச்சுட்டு வர வழியில..."

"ஏண்டாப்பா அவங்ககிட்டப் பேசற?" வரலட்சுமி குழந்தையை வாரிக்கொண்டாள். "தவங்கெடந்து பெத்த கொழந்தடி இது. இதும் எச்சில் உனுக்குக் கசக்குதா?"

தாட்சாயணி எச்சில் பார்க்கிறவள் என்ற பெயரோடு உட்கார்ந்தாள். கோவர்த்தனன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் இடுக்கில் செருகிய துண்டை மட்டும் எடுக்கவில்லை. சாரல் பிள்ளை மேல் படக் கூடாது என்று நினைத்தானோ என்னவோ... கோபத்திலும் அதை எடுக்காதவனை எப்படி ஏமாற்றுவது? அதுதான் அவளைக் குத்திக்கொண்டே இருந்தது.

நகரி வந்தது, தாட்சாயணியும் அப்பாவும் இறங்க வேண்டிய ஊர். கூட்ஸ் வண்டி ஒன்று கடந்து போக வேண்டும் என்று பாசஞ்சரை நிறுத்தி வைத்திருந்தார்கள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு கூரை ஓரமாக நடந்தவள் பாதியில் நின்றாள்.

"நைனா, புள்ளையப் பிடி."

அவர் முகம் வெளுத்தது. "வாணாம் தாயி. ரயில் பூடும். யாருக்கும் தெரியாது."

"எனுக்குத் தெரியுமே நைனா."

மழையில் திரும்பி ஓடினாள். அந்த ஜன்னலைத் தட்டினாள். பாதி இறங்கிய பலகையை முட்டித் தூக்கிக்கொண்டு கோவர்த்தனன் பார்த்தான். அவள் தலையிலிருந்து தண்ணீர் வழிந்து கண்ணை மறைத்தது. அதில் எது மழை, எது கண்ணீர் என்று அவளுக்கும் தெரியவில்லை.

"என் புள்ளைக்குக் கக்குவான்... ஒட்டுவாரொட்டிங்க அது. நான் பாத்தது உங்க கொழந்த எச்சில இல்லீங்க... என் புள்ள எச்சில. நான் தூங்கிட்டேன். அதுக்குள்ள ரெண்டும் அதையே சப்பிடுச்சுங்க. இருமல் வர வரைக்கும் காத்துக்கினு இருக்காதீங்க. நாளைக்கே டாக்டராண்ட காட்டுங்க. வூட்ல வேற சின்னதுங்க இருந்தா இவகிட்ட வுடாதீங்க..."

உள்ளே இருந்து வரலட்சுமி அலறினாள். "அடிப் பாவி! தெரிஞ்சேவா ஏறின? என் கொழந்தைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ நல்லா இருப்பியா?" கூடவே நாலைந்து குரல்கள். தாட்சாயணி அத்தனையையும் நின்று வாங்கிக்கொண்டாள். அவளுக்கு வேண்டியது அவன் வாயிலிருந்து வரும் திட்டு ஒன்றுதான். அது விழுந்தால் கணக்கு நேராகும் என்று நினைத்தாள்.

அவன் திட்டவில்லை. 

"உங்க புள்ளைக்கு மருந்து வாங்கிட்டீங்களா?" என்றான்.

அவ்வளவுதான். புருஷன் போன நாளிலிருந்து அவளிடம் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. ஆமென்று தலையை ஆட்டினாள். வண்டி ஊதியது, நகர்ந்தது, மழைக்குள் போயிற்று.

அதற்கப்புறம் வந்த நாட்களை ஒரு தாய்க்குத்தான் சொன்னால் புரியும். ஒவ்வொரு ராத்திரியும் பூஷணம் முகம் நீலம் பாரிக்க இருமினான். ஒவ்வொரு மூச்சும் திரும்பி வரும் வரை அவள் மூச்சு நின்றது. ரயிலில் அவள் சொன்னதை யாரோ ஊரில் இறக்கிவிட்டிருந்தார்கள். தெருவில் குழந்தை உள்ளவர்கள் இவர்கள் வாசலைத் தாண்டி ஓடினார்கள். அப்பாவின் தறிக்கு வருகிறவர்கள்கூடத் தள்ளி நின்று பேசினார்கள். அதில் அவளுக்கு வருத்தமில்லை. தள்ளி நிற்கட்டும், நல்லதுதான். அவளும் பிள்ளையை யார் கையிலும் கொடுக்கவில்லை.

மாரியம்மனுக்கு விளக்கேற்றும்போது முதலில் வாயில் வந்த பெயர் மங்கா. அப்புறம்தான் பூஷணம். பெற்ற பிள்ளையைப் பின்னால் தள்ளுகிறாயே என்று மனசு இடித்தது. ஆனால் அவள் பயம் அப்படி. அந்தக் குழந்தை இருக்கிறதா, இல்லையா... திருத்தணி கூப்பிடு தூரம். ஆனாலும் எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

சித்திரை பிறந்தது. பூஷணத்தின் இருமல் மெல்ல மெல்ல விட்டது. ஒரு பிற்பகல் வாசலில் நிழல் தட்டியது. 

கோவர்த்தனன்.

தலையில் முடி வளர்ந்திருந்தது. கக்குவான் வந்த வீடு எது என்று ஊரில் விசாரித்து வந்திருக்க வேண்டும். தாட்சாயணியின் கையிலிருந்த நூல் உருண்டை கீழே விழுந்து ஓடியது. அவன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் காலைப் பார்த்தாள்.

செருப்பைக் கழற்றும் முன்பே அவன் சொன்னான். "மங்கா நல்லா இருக்கா."

நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். ஆதிநாராயணன் உள்ளேயிருந்து ஓடி வந்து, ஆளைப் பார்த்ததும் தூணோரம் நின்றார்.

"இருமல் வந்துது" என்றான் அவன் மெதுவாக. "மாசிக் கடைசியில. நீங்க சொன்ன மறுநாளே டாக்டராண்ட காட்டிட்டோம். முதல் இருமலுக்கே வேலூர் கொண்டுபோய்ச் சேத்தோம். இன்னும் நாளு தள்ளிக் கொண்டாந்திருந்தா கையை விரிச்சிருப்பேன்னு டாக்டர் சொன்னாரு. எங்க வூட்ல அண்ணன் புள்ளைங்க ரெண்டு. தள்ளி வெச்சோம். ரெண்டுக்கும் ஒண்ணும் வரல. அக்கா இன்னும் உங்களத் திட்டுது. ஆனா திட்டறதுக்கு முன்னாடி ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் திட்டுது."

அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதச் சொல்லத்தான் வந்தீங்களா?"

"இல்ல." அவன் குரல் தணிந்தது. "இதுக்குன்னா கடுதாசி போதும். நான்... உங்களக் கேக்க வந்தேன். வேற ராஜ்யத்துக்கு வந்து பொண்ணு கேக்கற மொத ஆளு நானாத்தான் இருப்பேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். கோபமா, மானமா, அவளுக்கே புரியவில்லை. "பாவம் பாத்துக் கேக்கறீங்களா? இல்ல, கொழந்த பொழைச்சதுக்குப் பதில் மரியாதையா? ரெண்டுமே எனுக்கு வாணாம்."

"பாவம் பாத்து யாராச்சும் ரெண்டு மாசம் தூங்காம இருப்பாங்களா? எல்லாரும் வாய மூடிக்கினு போற ரயில்ல, தனக்குக் கெடுதின்னு தெரிஞ்சே ஓடி வந்து சொன்னீங்க. அன்னிக்கே என் மனசு இந்த ஸ்டேஷன்ல எறங்கிடுச்சு. நான்தான் வெறுங்கூடா திருத்தணி வரைக்கும் போனேன்."

தூணோரம் ஆதிநாராயணன் கரகரத்தார். "தம்பி... எங்களுக்குள்ள அறுத்துக் கட்டற வழக்கம் இல்லீங்களே. நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

"வழக்கம் இருந்திருந்தா எனக்கு முன்னாடியே யாராச்சும் வந்திருப்பாங்க, மாமா."

அந்த 'மாமா'வைக் கேட்டதும் கிழவர் மகளின் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நாளைக்கப்புறம் அதில் ரத்தம் ஓடுவதைப் பார்த்தார். "நாலு பேரு வாசப்பக்கமே வரதில்ல, அவங்களுக்கு இன்னா" என்று தனக்குள் முனகிக்கொண்டே தறிப்பக்கம் போய்விட்டார்.

தொட்டிலில் பூஷணம் விழித்துச் சிணுங்கினான். அவள் ஓடிப்போய் எடுத்து வந்தாள். கோவர்த்தனன் இரண்டு கையையும் நீட்டினான்.

"இருமல் வுட்டுடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றாள் தயங்கி. "ஆனாலும் நான் இன்னும் யார் கையிலயும் குடுக்கலீங்க."

"வுடலன்னாலும் குடுங்க."

கொடுத்தாள். பிள்ளை அவன் தோளில் சாய்ந்தான். வெற்றுக் கைகளை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ரயில் ஊதும்போதெல்லாம், நீங்க வரக் கூடாதுன்னு வேண்டிக்குவேன். வந்தா, அந்தக் கொழந்த பூடுச்சுன்னு சொல்லத்தான் வருவீங்கன்னு பயம். அப்படி வேண்டிக்கினே... அப்படி வேண்டிக்கினே, தெனமும் வாசல்ல வந்து நின்னுக்கினு இருப்பேங்க... நீங்க வரீங்களான்னு."